24 அடி ட்ரெய்லருக்கு டீப் சைக்கிள் பேட்டரி: கோல்ஃப் கார்ட் ஜோடியா, ஏஜிஎம்மா, லித்தியமா?

வழிப்போக்கன் (சாக்ரமெண்டோ)

எல்லோருக்கும் வணக்கம். 24 அடி டிராவல் ட்ரெய்லர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறோம். விற்ற டீலர் முன்னால் டங் (வண்டியோடு இணையும் முன் சட்டம்) மேல் புது பேட்டரி ஒன்று வைத்துக் கொடுத்தார். குரூப் 24 சைஸ், மேலே 'மரைன் டீப் சைக்கிள்' (படகுக்கானது, ஆழமாக இறக்கி ஏற்றலாம் என்று அர்த்தம்) என்று ஸ்டிக்கர். கரண்ட் இணைப்பு உள்ள இடங்களில் தங்கியவரை ஒன்றும் தெரியவில்லை. அக்டோபரில் யோசெமிட்டி அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டுக்குப் போனோம். அங்கே ஹுக்கப் கிடையாது. விடிகாலை நான்கு மணிக்கு ஃபர்னஸ் (கேஸ் ஹீட்டர்) ஃபேன் முனகி முனகி நின்றுவிட்டது. சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, ஊதத்தான் கரண்ட் இல்லை.

இப்போது மூன்று வழிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி இரண்டு, குரூப் 31 ஏஜிஎம் (தண்ணீர் ஊற்ற வேண்டாத, மூடிய லெட் ஆசிட்) இரண்டு, அல்லது 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி) லித்தியம் இரண்டு. பட்ஜெட் 800 டாலர், கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

எங்கள் செலவு: கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ், ஃபர்னஸ், எல்இடி விளக்குகள், தண்ணீர் பம்ப், போன் சார்ஜ். அப்பா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருப்பார், இரவில் சீபாப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் காற்று ஊதுவது) போட்டுத்தான் தூங்குவார். வீட்டு அம்மணிக்கு மிக்ஸி ஓட வேண்டும். 200 வாட் மடக்கு சோலாரும் 2200 வாட் ஜெனரேட்டரும் ஏற்கெனவே இருக்கின்றன. பனிக்காலத்தில் டாஹோ பக்கமும் போக ஆசை. எது வாங்கலாம்?

ஆம்பியர் ஆறுமுகம் (ஹூஸ்டன்)

வாங்குவதற்கு முன்னால் ஒரு காகிதத்தை எடுங்கள். உங்கள் ராத்திரிக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன்.

ஃபர்னஸ் ஃபேன் ஓடும்போது 7 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். குளிர் இரவில் நூற்றுக்கு நாற்பது பங்கு நேரம் ஓடினால் பத்து மணி நேரத்துக்கு 30 ஏஹெச். கேஸ் டிடெக்டர், ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு, ரேடியோவின் ஸ்டாண்ட்பை எல்லாம் சேர்ந்து முக்கால் ஆம்பியர் போல ஓசைப்படாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 15 முதல் 20 ஏஹெச். சீபாப் மெஷினில் தண்ணீர் சூடாக்கும் ஹியுமிடிஃபையர் போட்டிருந்தால் 3 முதல் 4 ஆம்பியர், அணைத்திருந்தால் ஒரு ஆம்பியர் பக்கம்தான். விளக்கும் பம்பும் 7 அல்லது 8 ஏஹெச்.

அப்பா ஹியுமிடிஃபையர் போட்டுத் தூங்கினார் என்றே வைத்துக்கொள்கிறேன். மாலை ஆறிலிருந்து விடிகாலை நாலுக்குள் 65, 70 ஏஹெச் போயிருக்கும். குரூப் 24-ல் மொத்தமே 75, 80 ஏஹெச்தான். லெட் ஆசிடில் (இதுவும் கோல்ஃப் கார்ட் பேட்டரியும் ஏஜிஎம்மும் அந்த ரகம்தான்) பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் உங்கள் கைக்கு வருவது 40. ஆகவே நாலு மணிக்கு ஃபேன் நின்றதில் ஆச்சரியமே இல்லை.

அப்புறம் அந்த ஸ்டிக்கர். பேட்டரி மேல் 'எம்சிஏ 600' மாதிரி பெரிய எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். அது எஞ்சின் ஸ்டார்ட் பண்ணும் திறனுக்கான எண். அதைப் பெருமையாகப் போட்டிருந்தால் படகுக்கான இரட்டை வேலை பேட்டரி, பிளேட் மெலிசு. அசல் டீப் சைக்கிளில் 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் ஏஹெச்சைத்தான் முன்னால் போடுவார்கள். கோல்ஃப் கார்ட் பேட்டரியில் ட்ரோஜன் டி-105 (T-105) எடுத்தால் 6 வோல்ட், 225 ஏஹெச். இரண்டை சீரிஸில் போட்டால் 12 வோல்ட், அதே 225. பாதி என்றால் 110க்கு மேல், உங்களுக்கு ஓர் இரவு தாராளமாக ஓடும்.

கோவை செல்வி (கிராண்ட் ராபிட்ஸ், மிச்சிகன்)

என் ஓட்டு கோல்ஃப் கார்ட் ஜோடிக்கு. பல வருஷமாக அதே ஜோடிதான் எங்கள் டங் மேல் உட்கார்ந்திருக்கிறது. காஸ்ட்கோ மாதிரி கடைகளில் 210 ஏஹெச் ரகம் கிடைக்கிறது, ட்ரோஜனை விட விலை நன்றாகவே குறைவு. பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால் கோர் டெபாசிட்டும் (பழசுக்காகக் கூடுதலாக வாங்கும் முன்பணம்) மிச்சம்.

ஊரில் இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பழகியவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றுமில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கழுத்து தெரியும், அதன் அடி விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர். நிறைய ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி ஆசிட் வெளியே வரும், டெர்மினலில் பச்சை வெள்ளையாகப் பூக்கும். சார்ஜ் ஆன பிறகுதான் ஊற்ற வேண்டும், முன்னால் அல்ல. பிளேட் தெரிகிற அளவு வற்றியிருந்தால் மட்டும் பிளேட் மூழ்கக் கொஞ்சம் ஊற்றிவிட்டு சார்ஜ் போடலாம். பத்து டாலர் ஹைட்ரோமீட்டர் (ஆசிட் அடர்த்தி பார்க்கும் கருவி) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டி-105 முழுசாக ஏறினால் ஒவ்வொரு செல்லும் 1.277 காட்ட வேண்டும். ஆறில் ஒரு செல் மட்டும் தாழ்ந்திருந்தால் ஈக்வலைஸ் (எல்லா செல்லும் சமமாக, வேண்டுமென்றே கூடுதல் சார்ஜ்) பண்ண வேண்டும். வோல்ட் மீட்டர் இதைச் சொல்லவே சொல்லாது.

ஒன்று கவனியுங்கள், இவை உயரம், 11 அங்குலம் வரும். உங்களிடம் இருக்கும் குரூப் 24 பிளாஸ்டிக் பெட்டிக்குள் நுழையாது. பெட்டியும் வாங்க வேண்டும். எடையும் ஒன்றுக்கு 28 கிலோ, தனியாகத் தூக்காதீர்கள்.

குளிரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் டிரைவ்வேயில் ஜனவரியில் மைனஸ் 20 செல்சியஸ் போகும். முழுசாக சார்ஜ் ஏறிய லெட் ஆசிட் மைனஸ் 50-க்கும் உறையாது, அப்படியே விட்டுவிடலாம். காலியாக விட்டால் மைனஸ் 7, 8-லேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும். டிஸ்கனெக்ட் ஸ்விட்சைப் போட மறந்தால் அந்த கேஸ் டிடெக்டரே சில வாரத்தில் காலி பண்ணிவிடும்.

ஸ்காபரோ செல்வன் (டொராண்டோ)

செல்வி அக்கா சொல்வது சரி, ஆனால் அது ஆறேழு வருஷத்துக்கு முந்தின கணக்கு. அப்போது 100 ஏஹெச் லித்தியம் பற்றரி ஒன்று 900 டொலருக்கு மேலே. இப்போது 200, 300 அமெரிக்க டொலருக்கே கிடக்குது. 100 ஏஹெச்சில் 80, 90 வரை பயமில்லாமல் எடுக்கலாம். எடை 11 முதல் 14 கிலோதான். இரண்டு கோல்ஃப் கார்ட் பற்றரி டங் மேலே 56 கிலோ ஏத்தும். ஏற்கெனவே டங் எடை கூடின ட்ரெய்லரை எஸ்யூவியில் இழுக்கிற ஆட்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

நாங்கள் அல்கோன்குவின் பார்க்கில் கரண்ட் இல்லாத சைட்டிலேதான் தங்குவம். லெட் ஆசிட் இருந்த காலத்தில் இரண்டாம் நாள் விளக்கு மங்கத் தொடங்கினால் மனுசிக்கு முகம் மாறிவிடும். லித்தியத்தில் கடைசிவரை 13 வோல்ட் பக்கமே நிற்கும். அதுவே அதன் தொல்லையும். வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல ஏலாது. ட்ரெய்லரோடு வாற நாலு லைட் மீட்டர் எப்பவும் 'ஃபுல்' என்றுதான் காட்டும். விக்ட்ரான் ஸ்மார்ட்ஷன்ட் மாதிரி ஒன்றைக் கட்டாயம் போடுங்கோ. உள்ளே போனது, வெளியே வந்தது எல்லாம் எண்ணிச் சொல்லும்.

டாஹோ ஆசை இருக்கென்றால் ஒரு எச்சரிக்கை. லித்தியத்தைப் பூச்சியம் பாகை செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் பண்ணவே கூடாது. ஆனோடில் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், பிறகு திரும்பாது. நல்ல பற்றரியில் பிஎம்எஸ் (உள்ளே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) தானாகவே சார்ஜை நிறுத்தும். மலிவானவற்றில் சிலதில் அந்த வசதியே இல்லை. 'லோ டெம்ப் புரொடெக்ஷன்' என்று பெட்டியில் இருந்தால் போதாது. அது சார்ஜுக்கா டிஸ்சார்ஜுக்கா, எத்தனை பாகையில் என்று ஸ்பெக் தாளில் பார்த்து வாங்குங்கோ.

வழிப்போக்கன்

ஆறுமுகம் சார், ஹியுமிடிஃபையர் போட்டுத்தான் தூங்கினார், கச்சிதமாகப் பிடித்துவிட்டீர்கள். சின்ன இன்வெர்ட்டர் ஒன்றை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி அதிலிருந்து கொடுத்தோம். இதுவரை படித்ததில் மனம் லித்தியம் பக்கம் சாய்கிறது. விற்பவர்கள் 'அப்படியே கழற்றி மாட்டலாம்' என்கிறார்களே, உண்மைதானா?

சிலிக்கான் சித்தன் (சான் ஹோசே)

மாட்டலாம். சார்ஜ் ஏறுமா என்பதுதான் கேள்வி. இங்கே எல்லோரும் எவ்வளவு எடுக்கலாம் என்றே பேசுகிறீர்கள், எவ்வளவு நேரத்தில் திருப்பிப் போடலாம் என்பதை ஒருவரும் பேசவில்லை. ஹுக்கப் இல்லாத இடத்தில் தங்குபவருக்கு அதுதான் முக்கியம்.

யோசெமிட்டியில் ஜெனரேட்டர் ஓட்ட அனுமதிக்கும் நேரம் காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7. அவ்வளவுதான். லெட் ஆசிட் முதல் 80 சதவீதம் வரை வேகமாக வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் ஜெனரேட்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கரண்ட் தானாகவே இறங்கிக்கொண்டே போகும். அந்தக் கடைசி 20 சதவீதத்துக்கு நான்கு மணி நேரமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். இரண்டு மணி நேரத் துண்டுகளில் அது நடக்காத காரியம். நான்கு நாள் தங்கினால் நான்கு நாளும் 80-ஐத் தாண்டாது. வருஷம் முழுக்க இப்படியே ஓட்டினால் பிளேட்டில் சல்ஃபேட் கெட்டிப்பட்டு 225 ஏஹெச் 150 ஆகிவிடும். கோல்ஃப் கார்ட் பேட்டரி இரண்டே வருஷத்தில் செத்துவிட்டது என்று திட்டுபவர்களில் பலருடைய கதை இதுதான்.

லெட் ஆசிடோடு ஒத்துப்போக வழி உண்டு. காலையில் ஜெனரேட்டரால் 80 வரை ஏற்றி, பகல் முழுக்க சோலாரை அந்தக் கடைசி 20-க்கு விட்டுவிடுவது. கொஞ்சம் கரண்ட், நிறைய நேரம், லெட் ஆசிட் கேட்பதும் அதுதான். அரிசோனா பாலைவனத்தில் அருமையாக வேலை செய்யும். அப்பர் பைன்ஸில் அக்டோபர் மாதம் பாறைச் சுவருக்கும் பைன் மரத்துக்கும் நடுவே உங்கள் 200 வாட் பேனல் என்ன தரும்? நான் அங்கே பேனலை வெளியே எடுப்பதே இல்லை.

லித்தியம் கிட்டத்தட்டக் கடைசிவரை கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆனால் உங்கள் கன்வெர்ட்டர் (ஜெனரேட்டர் கரண்டை 12 வோல்ட் ரகமாக்கி பேட்டரியை ஏற்றும் பெட்டி) கொடுக்க வேண்டுமே. ட்ரெய்லரோடு வரும் கன்வெர்ட்டர்களில் பல 13.6 வோல்ட்டிலேயே உட்கார்ந்துவிடும். பாதி இறங்கிய லித்தியம் 13.2 அல்லது 13.3-ல் நிற்கிறது. மிச்சம் 0.3 வோல்ட். கன்வெர்ட்டர் நடுவில் இருக்கும், பேட்டரி டங் மேல் இருக்கும். நடுவே 8 கேஜ் வயர் போக வர 50 அடி என்றால் அதன் ரெசிஸ்டன்ஸ் 0.03 ஓம் பக்கம். 0.3-ஐ 0.03-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். 55 ஆம்பியர் கன்வெர்ட்டர் என்று பெயர், இரண்டு மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டினால் 20 ஏஹெச் ஏறும். அதே வயரில் 14.6 வோல்ட் கொடுத்தால் 40 ஆம்பியருக்கு மேல் ஓடும். பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு 'லித்தியமும் ஏமாற்றுதான்' என்று எழுதுபவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஆம்பியர் ஆறுமுகம்

சித்தன் சொன்னது நெத்தியடி. செய்முறையாகவும் பார்த்துவிடலாம். ஓர் இரவு நன்றாக இறக்கிவிட்டு, காலையில் ஜெனரேட்டரில் செருகி அரை மணி நேரம் கழித்து இரண்டு இடத்தில் மல்டிமீட்டர் வையுங்கள். ஒன்று கன்வெர்ட்டர் முனையில், இன்னொன்று பேட்டரி முனையில். கன்வெர்ட்டரில் 13.6-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும். இரண்டு முனைக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் வயரை மாற்ற வேண்டும். பல ட்ரெய்லரில் இரண்டும்தான்.

ஃபியூஸ் பாக்ஸை முழுசாக மாற்றத் தேவையில்லை. ப்ராக்ரசிவ் டைனமிக்ஸ் பிடி4655 (PD4655) மாதிரி போர்டுகள் கன்வெர்ட்டர் இருக்கும் கீழ்ப் பாதியை மட்டும் மாற்ற என்றே வருகின்றன. லெட் ஆசிடுக்கானது 14.4-ல் வேகமாக ஏற்றி, 13.6-க்கு இறங்கி, நாட்கணக்கில் கரண்டில் இருந்தால் 13.2-க்கு வந்துவிடும். அதே போர்டு லித்தியத்துக்கு 14.6 வோல்ட்டில் தனியாக வருகிறது. பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்து வாங்குங்கள், கோல்ஃப் கார்ட் ஜோடிக்கு அதை மாட்டினால் தண்ணீர் வற்றிக்கொண்டே இருக்கும்.

கோவை செல்வி

அப்போது பேட்டரி 500, கன்வெர்ட்டர் 200-க்கு மேல், ஷன்ட் 100-க்கு மேல், அப்புறம் வயர், ஃபியூஸ். பட்ஜெட் தாண்டிவிட்டது பாருங்கள். கோல்ஃப் கார்ட் ஜோடி என்றால் பாதிக் காசு.

3000 சுற்று (ஒருமுறை ஏற்றி இறக்கினால் ஒரு சுற்று) வரும் என்று லித்தியம்காரர்கள் விளம்பரம் பண்ணுகிறார்கள். வருஷத்துக்கு 30 ராத்திரி வெளியே தங்குபவருக்கு அது நூறு வருஷக் கணக்கு. என் பேரன் ட்ரெய்லருக்கா நான் இப்போது காசு போட வேண்டும்?

சிலிக்கான் சித்தன்

அந்த வாதத்தை ஒப்புக்கொள்கிறேன் அக்கா, சுற்றுக் கணக்கைக் காட்டி யாரும் லித்தியம் விற்கக் கூடாது. நான் சொல்வது வேறு காரணம். லெட் ஆசிட் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அதனால் வெளியே டங் மேல்தான் வைக்க முடியும், அல்லது வெளியே காற்றுப் போக்கு உள்ள பெட்டியில். லித்தியத்தை உள்ளேயே வைக்கலாம். டைனிங் பெஞ்சுக்கு அடியில், கன்வெர்ட்டருக்குப் பக்கத்தில். 25 அடி வயர் 4 அடி ஆகிவிடும். வோல்டேஜ் நஷ்டம் போச்சு, டாஹோ குளிர் போச்சு, இரவில் ஃபர்னஸ் ஓடுகிற அதே அறையில் பேட்டரியும் இருக்கிறது. திருட்டுப் பயமும் இல்லை.

நளபாகி (டாலஸ்)

மிக்ஸியை எல்லோரும் மறந்துவிட்டீர்களே! எனக்கு அதுதான் முக்கியம்.

550 வாட் மிக்ஸி, இன்வெர்ட்டர் நஷ்டம் சேர்த்து 50 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். தேங்காய்ச் சட்னிக்கு இரண்டு நிமிஷம். கணக்குப் போட்டால் 2 ஏஹெச் கூட இல்லை. ஒரு ராத்திரி ஃபர்னஸில் பதினைந்து சட்னி அரைக்கலாம். இன்ஸ்டன்ட் பாட் (கரண்ட் பிரஷர் குக்கர்) தான் ஆளை விழுங்கும். 1000 வாட் என்றால் 95 ஆம்பியர் பக்கம், பிரஷர் ஏறும்வரை விடாமல் இழுக்கும், ஒரு சாம்பாருக்கு 25 ஏஹெச். எனக்கு கேஸ் அடுப்பில் குக்கர் போதும்.

மலிவு இன்வெர்ட்டர் ஸ்டிக்கரில் 'மாடிஃபைடு சைன்' என்று இருந்தால் மிக்ஸி மோட்டார் சூடாகி வேறு மாதிரி உறுமும். 'ப்யூர் சைன்' வாங்குங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இதில் ஓடாது, இங்கே விற்கும் 110 வோல்ட் மாடல் வேண்டும்.

ஆம்பியர் ஆறுமுகம்

நளபாகி சொன்ன 95 ஆம்பியரில்தான் லெட் ஆசிட் திணறும். டி-105-க்கு ட்ரோஜனே கொடுக்கும் எண்கள்: 25 ஆம்பியரில் 447 நிமிஷம், 75 ஆம்பியரில் 115 நிமிஷம். பெருக்கிப் பாருங்கள். முதலாவது 186 ஏஹெச், இரண்டாவது 144. மெதுவாக எடுத்தால் 225 கொடுக்கும் அதே பேட்டரி, வேகமாக எடுத்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானதைத் தராமல் வைத்துக்கொள்கிறது. அதோடு வோல்டேஜும் தொபுக்கென்று இறங்கும். பாதி சார்ஜில் இருக்கும்போது இன்ஸ்டன்ட் பாட்டைப் போட்டால் இன்வெர்ட்டர் அலாரம் அடித்து நிறுத்திவிடும். ஃபர்னஸ், விளக்கு, பம்ப் மட்டும் என்றால் இந்தப் பிரச்சினையே இல்லை. பெரிய இன்வெர்ட்டர் வேண்டாதவருக்கு கோல்ஃப் கார்ட் ஜோடி இன்றைக்கும் நல்ல வாங்கல்தான் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

திருச்சி ராஜா (திருச்சி)

சும்மா படித்துக்கொண்டிருந்தேன், ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி இன்வெர்ட்டரில் வருஷக்கணக்காக ஓடுகிறது. அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

ஆம்பியர் ஆறுமுகம்

டியூபுலரும் அசல் டீப் சைக்கிள்தான் ராஜா, ஆழமாக இறக்குவதில் கெட்டி. ஆனால் வீட்டு மூலையில் அசையாமல் நிற்பதற்குச் செய்தது. ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, டவர் மாதிரி உயரம். இங்கே ஆர்வி (ட்ரெய்லர், கேம்பர் சாமான்) கடைகளில் வைத்திருக்கவும் மாட்டார்கள். 12 வோல்ட்டில் ஒரே பேட்டரியாக வருவதால் ஒரு செல் போனாலும் மொத்தத்தையும் தூக்கி எறிய வேண்டும்.

பாலைநிலவன் (ஃபீனிக்ஸ்)

ஏஜிஎம்முக்கு ஓர் ஓட்டும் விழவில்லையே என்று வருகிறேன். தண்ணீர் ஊற்ற வேண்டாம், படுக்க வைத்தாலும் கசியாது, சும்மா வைத்தால் சார்ஜ் மெதுவாகத்தான் இறங்கும், குளிரில் சார்ஜ் பண்ணலாம். என் ட்ரெய்லரில் லைஃப்லைன் 6 வோல்ட் ஜோடி இருக்கிறது. ஆனால் லித்தியம் விலை இப்படி இறங்கிய பிறகு புதுசாக வாங்குபவருக்கு நானே பரிந்துரைக்க மாட்டேன். குரூப் 31 ஏஜிஎம் இரண்டும் சேர்ந்து 60 கிலோ வரும், பாதிதான் எடுக்கலாம், விலையும் லித்தியத்துக்குக் குறையாது.

நான் எழுத வந்தது வேறு விஷயம். டங் மேல் இருக்கும் பேட்டரியைக் கழற்றி உள்ளே வைக்கும்போது பிரேக்அவே ஸ்விட்ச் என்ன ஆகிறது என்று பாருங்கள். ட்ரெய்லர் ஹிட்சிலிருந்து கழன்றுவிட்டால் அந்த ஸ்விட்சின் பின் பிடுங்கப்பட்டு, ட்ரெய்லர் பேட்டரியிலிருந்தே கரண்ட் எடுத்து பிரேக்கைப் போடும். பெரும்பாலான மாநிலங்களில் இது சட்டக் கட்டாயம். பழைய வயரை முன்னால் அப்படியே வெட்டி டேப் சுற்றிவிட்டால் பிரேக்அவேக்குக் கரண்டே இருக்காது, நீங்களும் கவனிக்க மாட்டீர்கள். அந்த வயர் பேட்டரியோடு நேராக, ஃபியூஸ் வழியாக இணைந்திருக்க வேண்டும், டிஸ்கனெக்ட் ஸ்விட்சைத் தாண்டி அல்ல. மாற்றி முடித்ததும் பின்னைப் பிடுங்கி ட்ரெய்லரை மெல்ல இழுத்துப் பாருங்கள், சக்கரம் பிடிக்க வேண்டும். கரண்ட் ஜாக் (டங்கை ஏற்றி இறக்கும் மோட்டார் ஜாக்கி) இருந்தால் அதற்கும் இதே வயர்தான்.

ஸ்காபரோ செல்வன்

நல்ல இடத்தில் ஞாபகப்படுத்தினீங்கள் அண்ணை. இன்னொன்று, வண்டியிலிருந்து 7 பின் வயர் வழியாக வாற சார்ஜை நம்பி இருக்கக் கூடாது. அது மெல்லிய வயர், பின்னுக்கு வந்து சேரேக்கை சில ஆம்பியர்தான் மிச்சம். நாள் முழுக்க ஓடினாலும் பற்றரி நிறையாது. ஓடும்போதே நிரப்ப வேண்டுமென்றால் தடித்த தனி வயர் இழுத்து டிசி டு டிசி சார்ஜர் போடுங்கோ. முதல் வருஷம் அது தேவையில்லை, ஜெனரேட்டர் இருக்குத்தானே.

வழிப்போக்கன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஓர் இரவு இறக்கிய பிறகும் கன்வெர்ட்டர் முனையில் 13.6, பேட்டரி முனையில் 13.0. சித்தன் சொன்னது இரண்டும் சரி.

லித்தியம் இரண்டு, டைனிங் பெஞ்சுக்கு அடியில். 14.6 வோல்ட் போர்டு, ஷன்ட். செலவு 900-ஐத் தாண்டும், இன்வெர்ட்டரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறோம். மிக்ஸிக்கு இப்போதைக்கு ஜெனரேட்டர் நேரம்தான், காலை ஏழரைக்குச் சட்னி. செல்வி அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

இரண்டை எப்படி இணைப்பது? ஃபியூஸ் எவ்வளவு? மடக்கு சோலாரை அப்படியே செருகலாமா?

கோவை செல்வி

கோபமெல்லாம் இல்லை தம்பி. மரநிழலில் தங்குகிறீர்கள், உள்ளே வைக்கிறீர்கள், உங்களுக்கு அது சரிதான். மிச்சிகன் டிரைவ்வேயில் ஐந்து மாதம் பனியில் நிற்கும் ட்ரெய்லருக்கு நான் இன்னும் அதே ஜோடியைத்தான் வாங்குவேன். பனிக்காலத்தில் நீங்கள் உங்களுடையதைப் பாதி சார்ஜில் வைத்து டிஸ்கனெக்ட் பண்ணுங்கள், எங்களுடையது போல முழுசாக ஏற்றி வைக்கக் கூடாது. பிரேக்அவே வயர் பேட்டரியோடேயே இருக்கட்டும்.

ஆம்பியர் ஆறுமுகம்

இணைப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள். ஒன்று 50-லும் இன்னொன்று 90-லும் இருக்கும்போது சேர்த்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரண்ட் பாயும். பேரலலில் ப்ளஸ்ஸை ப்ளஸ்ஸோடு, மைனஸை மைனஸோடு இணைத்துவிட்டு, வெளியே போகும் ப்ளஸ் வயரை முதல் பேட்டரியிலும் மைனஸ் வயரை இரண்டாவதிலும் எடுங்கள், குறுக்காக. அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும். ஷன்ட் மைனஸ் பக்கம், அதன் வழியாக அல்லாமல் எந்த மைனஸ் வயரும் பேட்டரிக்குப் போகக் கூடாது. அப்படிப் போனால் கணக்கு தப்பும்.

ஃபியூஸ் ப்ளஸ் பக்கம், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். அளவு வயரைப் பொறுத்தது, பேட்டரியைப் பொறுத்தது அல்ல. லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும், சாதாரண ஃபியூஸ் உருகின பிறகும் நடுவே தீப்பொறி தொடரலாம். இன்வெர்ட்டர் போடும்போது கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் வாங்குங்கள்.

சோலாரில் இரண்டு விஷயம். பேனலோடு வரும் கன்ட்ரோலரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா, ஈக்வலைஸை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் ட்ரெய்லர் பக்கவாட்டில் உள்ள சோலார் சாக்கெட். சில ட்ரெய்லர்களில் அதன் ப்ளஸ் மைனஸ் மற்ற கம்பெனி பேனல்களுக்குத் தலைகீழாக இருக்கும். செருகும் முன் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நளபாகி

அப்பாவின் சீபாப் மெஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என் மாமனாரிடமும் ஒன்று இருக்கிறது. அந்தச் சின்ன இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே அரை ஆம்பியரிலிருந்து ஒரு ஆம்பியர் வரை தின்னும். 12 வோல்ட்டை 110 ஆக்கி, மெஷினின் அடாப்டர் அதை மறுபடி இறக்குவதில் இன்னும் கொஞ்சம் போகும். நேரடி டிசி கேபிள் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். மெஷினின் பின்னால் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 என்றால் 24 வோல்ட், அதற்கு 12-ஐ 24 ஆக்கும் கன்வெர்ட்டரோடு வரும் கேபிள்தான் வேண்டும். சாதாரண கார் கேபிளில் ஓடாது.

வழிப்போக்கன்

ஏர்சென்ஸ் 10-தான், பின்னால் 24 வோல்ட் என்றுதான் போட்டிருக்கிறது. கேபிள் ஆர்டர் போட்டாச்சு. ஹியுமிடிஃபையரை அணைத்தால் தொண்டை வறளுகிறது என்கிறார் அப்பா. ஒன்றோ இரண்டோ என்று குறைத்து வைத்து, ஷன்ட் என்ன காட்டுகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.